ராகத்தை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்!

பட்டிமன்றத் தலைப்பு: திரைப்படப் பாடல்கள் கேட்பவர் மனத்தையும் நடத்தையையும் மாற்றுகின்றனவா? வெறும் பொழுதுபோக்குத்தானா?

'மாற்றுகின்றன' என்ற அணியில் பேசியது



நடுவர் அவர்களே! எனக்கு முன்னாலே பேசின எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டு அரங்கத்தையே அதிர வைத்துவிட்டார். "1961-லே 'திருடாதே' படம் வந்துச்சு. திருடாதேன்னு எவ்வளவு அருமையா பாட்டுப் பாடினாங்க! திருட்டு நின்னுச்சா? போலீஸ் ஸ்டேஷனை மூடிட்டாங்களா?" என்றார். நல்ல கைதட்டல்.

நான் தம்பியை ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். காலையிலே இட்லி சாப்பிட்டீங்களே, மத்தியானம் மறுபடி பசிச்சுதா இல்லையா? பசிச்சுது. அதனாலே, "இட்லிக்கும் பசிக்கும் சம்பந்தமே இல்லை, இட்லி வேலை செய்யவே இல்லை"ன்னு சொல்வீங்களா? (சிரிப்பு) ஒரு வேளைச் சோறு ஆளை வளர்க்காது. ஆயிரம் வேளைச் சோறு வளர்க்கும். பாட்டும் அப்படித்தான் ஐயா.

ஒரு பாட்டு ஒரே நாளிலே நல்லவனை ரவுடியாக்கிவிடும் என்றோ, ரவுடியை மகானாக்கிவிடும் என்றோ நான் சொல்ல வரவில்லை. 'இது சரி, இது தப்பு, இதெல்லாம் சகஜம்'னு நம்ம மனசுக்குள்ளே ஒரு கோடு போட்டு வச்சிருக்கோமே, அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமா, நமக்கே தெரியாமே நகர்த்துவது பாட்டு. இதுதான் என் கட்சி.

எப்படி நகர்த்துது? திரும்பத் திரும்பக் கேட்பதாலே! வீட்டிலே அப்பா ஒரு புத்திமதி சொல்றார். முதல் தடவை பையன் கேட்கிறான். ரெண்டாவது தடவை, "சரிப்பா, தெரியும்பா" என்கிறான். மூணாவது தடவை சொன்னா சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே கிளம்பிடறான். (சிரிப்பு) ஆனால் அதே பையன் ஒரு பாட்டை இருநூறு தடவை கேட்கிறான். பஸ்ஸிலே, கல்யாண மண்டபத்திலே, டீக்கடையிலே, இப்போ காதுக்குள்ளேயே சொருகிக்கிட்டுக் கேட்கிறான். அப்பாவுக்குக் கிடைக்காத இருநூறு வாய்ப்பு ஒரு பாட்டுக்குக் கிடைக்குது.

நம்ம ஔவைப் பாட்டி என்ன முட்டாளா? ஆத்திசூடியை ஏன் ஒவ்வொரு அடியும் ரெண்டு மூணு சொல்லா, அகர வரிசையிலே, குழந்தை வாயிலே ஒட்டிக்கிற மாதிரி செய்து வச்சாள்? வாயிலே ஒட்டினது ஒருநாள் மனசிலே ஒட்டும் என்கிற நம்பிக்கைதானே?

எதிரணித் தலைவர் கேட்பார்: "அம்மா, பாட்டு மனசிலே ஒட்டலாம். காலை நகர்த்துமா? கையை அசைக்குமா? ஆதாரம் கொடுங்க." கொடுக்கிறேன் ஐயா.

1930-ஆம் வருஷம், ஏப்ரல் 13. திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜி தலைமையிலே சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தே கிளம்பினார்கள். சித்திரை வெயில். ஏறத்தாழ 150 மைல். வழியிலே அவர்களுக்குச் சோறு போட்டாலே தண்டனை என்று கலெக்டர் மிரட்டல். அந்தத் தொண்டர்கள் வழியெல்லாம் பாடிக்கொண்டு போக நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். ஆயுதம் இல்லாமல், ரத்தம் சிந்தாமல் நடக்கிற போர் இது என்பதுதான் அந்தப் பாட்டின் கருத்து. பதினைந்து நாள் அதைப் பாடிக்கொண்டே நடந்தார்கள். போலீஸ் தடியை ஓங்கியபோது திருப்பி அடிக்கவில்லை. பாட்டு மட்டுமே அவர்களைக் கட்டுப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. காந்தியடிகளின் கட்டளை இருந்தது, ராஜாஜியின் கண்டிப்பு இருந்தது. ஆனால் அந்தக் கட்டளையை ஒவ்வொரு தொண்டனும் தன் வாயாலேயே தனக்குச் சொல்லிக்கொள்ள வைத்தது எது? பாட்டு! (கைதட்டல்)

இன்னொண்ணு கேளுங்க. பாரதியார் மறைந்தது 1921-லே. ஏழு வருஷம் கழிச்சு, 1928-லே, வெள்ளைக்கார அரசாங்கம் அவருடைய பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சென்னை சட்டசபையிலே அதை எதிர்த்து முழங்கினார். எனக்கு ஒரு சந்தேகம் நடுவர் அவர்களே. பீரங்கி வச்சிருந்தவன், கப்பல்படை வச்சிருந்தவன், செத்துப்போன ஒரு ஏழைக் கவிஞனுடைய பாட்டைப் பார்த்து ஏன் பயந்தான்? பாட்டு வெறும் பொழுதுபோக்குன்னா அவன் ஏன் புத்தகத்தை அள்ளிக்கிட்டுப் போனான்? பாட்டு ஆளை மாத்தும்னு வெள்ளைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு, எதிரணி நண்பர்களுக்குத்தான் இன்னும் தெரியலை! (பலத்த கைதட்டல்)

"அதெல்லாம் தேசபக்திப் பாட்டு; நாம பேசுறது சினிமாப் பாட்டு"ன்னு அங்கே முணுமுணுக்கிறாங்க. காது கேட்குது ஐயா! அதே பாரதி பாட்டு 1947-லே ஏ.வி.எம்.மின் 'நாம் இருவர்' படத்திலே டி.கே. பட்டம்மாள் குரலிலே வந்தபோது சினிமாப் பாட்டு ஆயிடுச்சே!

ஒரு அழகான பொருத்தம் சொல்றேன். உப்புக்காக அந்தத் தொண்டர்கள் நடக்க ஆரம்பிச்ச அதே 1930 ஏப்ரல் 13-லேதான் தஞ்சைச் சீமையிலே, செங்கப்படுத்தான்காட்டிலே ஒரு குழந்தை பிறந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்! வாழ்ந்தது 29 வருஷம்தான். 1959-லே போய்விட்டார். தம்பி சொன்ன அந்தத் 'திருடாதே' பாட்டு வெளியே வந்தபோது எழுதின மனுஷன் உயிரோடு இல்லை. ஆனால் இன்றைக்கும் ஒரு சின்னப் பையன் சோம்பேறியா படுத்துக் கிடந்தால், தாத்தா ஒருவர் பட்டுக்கோட்டையார் பாட்டிலிருந்துதானே ஒரு வரியை எடுத்து விடுகிறார்? சினிமாப் பாட்டு நல்லது செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்து, பணம் போடுகிறவனைப் பாருங்கள். வியாபாரி முட்டாள் இல்லை. சோப்புக்கும், பல்பொடிக்கும், சலவைத்தூளுக்கும் ஏன் பாட்டுப் போடுறான்? பேசியே விற்கலாமே! தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் ஏன் பாட்டு கேசட் போட்டார்கள், இப்போது ஏன் செல்போனிலே பாட்டு அனுப்புகிறார்கள்? எம்.ஜி.ஆர். படப் பாட்டு ஒலிக்காமல் அவர் கட்சி மேடை ஏதாவது தொடங்கியிருக்கிறதா? சோப்பை மாத்தும், ஓட்டை மாத்தும், ஆனால் மனசை மட்டும் மாத்தாதுன்னா, அது என்ன ஐயா நியாயம்? (கைதட்டல்)

எதிரணியிலே ஒரு சகோதரி சொன்னாங்க: "வரியை யாருங்க கவனிக்கிறாங்க? நாங்க டியூனைத்தான் ரசிக்கிறோம்." அப்படியா? எல்.ஆர். ஈஸ்வரி அம்மாவை எடுத்துக்குங்க. அறுபதுகளிலே, எழுபதுகளிலே எத்தனை கிளப் டான்ஸ் பாட்டு! கேட்டால் கிழவருக்கும் கால் தாளம் போடும். அதே ஈஸ்வரி அம்மா குரலிலே ஆடி மாசம் அம்மன் பாட்டு போடுறாங்க. தெருவிலே போறவங்க செருப்பைக் கழட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுறாங்க. குரல் ஒண்ணுதான். அந்தக் கம்பீரம், அந்தத் துள்ளல் ஒண்ணுதான். மாறினது என்ன? சொல்! சொல் மாறினதும் ஆடின கால் நிக்குது, கை கூப்புது. இதுக்கு மேலே வரிக்கு என்ன வலிமை வேணும்? (பலத்த கைதட்டல்)

இன்னொரு நண்பர் பெரிய தத்துவம் சொன்னார். "பாட்டு சமுதாயத்தின் கண்ணாடி. சமுதாயம் எப்படியோ அப்படித்தான் பாட்டு. கண்ணாடியைக் குற்றம் சொல்லாதே!" நடுவர் அவர்களே, இவர் வீட்டிலே கண்ணாடி எதுக்கு மாட்டியிருக்கார்? பார்த்துவிட்டு அப்படியே போவதற்கா? கண்ணாடி முன்னாலே போய் நின்னால் மனுஷன் கை தானா தலைக்குப் போகுதா இல்லையா? (சிரிப்பு) கண்ணாடியைப் பார்த்துத்தானே சீவுறோம், பொட்டைச் சரி பண்றோம்? சரி, அந்தக் கண்ணாடியே கோணலா இருந்தால்? கோணல்தான் அழகுன்னு நினைச்சு, நேரா இருக்கிற முகத்தையும் கோணலாக்கிக்கிட்டுப் போவோம்!

"படத்தின் கதையிலே நியாயம் சொல்லிடறாங்களே"ன்னு ஒரு வாதம். உண்மைதான். கதாநாயகன் முதல் பாதியிலே குடிப்பான், பெண்களைக் கேலி செய்வான். கிளைமாக்ஸிலே திருந்திடுவான். ஆனால் பாட்டு என்ன செய்யுது? படத்தை விட்டு இறங்கித் தனியா ஊர் சுத்தக் கிளம்பிடுது. கதாநாயகன் திருந்திட்டான், பாட்டு திருந்துமா? (கைதட்டல்) படத்திலே சிகரெட், மதுக் காட்சி வந்தால் கீழே சின்ன எழுத்திலே எச்சரிக்கை போடுறாங்க. அதே காட்சிக்கான பாட்டு ரேடியோவிலே வரும்போது அந்தச் சின்ன எழுத்து எங்கே போச்சு? காதுக்கு அடிக்குறிப்பு கிடையாது ஐயா!

இதுவரைக்கும் சிரிச்சோம். இனி கொஞ்சம் மனசு கனக்கிற விஷயம் சொல்லணும்.

நான் பள்ளிக்கூட ஆசிரியை. என் வகுப்பிலே ஒன்பதாவது படிச்ச ஒரு பொண்ணு. கெட்டிக்காரி, நல்லா பாடுவாள். திடீர்னு தினமும் தாமதமா வர ஆரம்பிச்சாள். கேட்டேன். "டீச்சர், இப்பல்லாம் குளத்துத் தெரு வழியா சுத்தி வர்றேன்" என்றாள். ஏம்மா? நேர் வழியிலே ஒரு பையன் நிப்பானாம். கையைத் தொடலை, கெட்ட வார்த்தை பேசலை. இவள் வரும்போது ஒரு சினிமாப் பாட்டைப் பாடுவான். கூட ரெண்டு பேர் தாளம் போடுவாங்க. அவ்வளவுதான். அந்தப் பொண்ணு சொன்னாள்: "டீச்சர், அது எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு. இப்போ வீட்டிலே ரேடியோவிலே வந்தாலே நிறுத்திடறேன்."

அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவனும் நம்ம பள்ளிக்கூடத்துப் பையன்தான், மேல் வகுப்பு. ரௌடி இல்லை. பயந்த சுபாவம். "நான் ஒண்ணும் பண்ணலை டீச்சர். பாட்டுத்தானே பாடினேன்?" என்றான். பாருங்க நடுவர் அவர்களே! பாட்டு அவனுக்குச் சொல்லையும் கொடுத்தது, சாக்கையும் கொடுத்தது.

நான் அவனை அடிக்கவில்லை. "சரிடா தம்பி, அந்தப் பாட்டிலே என்ன சொல்லியிருக்கு? ராகத்தை எடுத்துட்டு, வெறும் பேச்சா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு" என்றேன். வாயைத் திறந்தான், மூடினான். காது சிவந்து போச்சு. "சொல்ல முடியாது டீச்சர்" என்றான். "எனக்கு முன்னாலே சொல்ல முடியாததை, அவளைப் பார்த்து ஒரு மாசமா தினம் சொல்லியிருக்கியே!" என்றேன். அழுதுவிட்டான். மறுநாளிலிருந்து அங்கே நிற்கவில்லை.

பாட்டு நடத்தையை மாற்றுமான்னு கேட்டீங்களே! அந்தப் பையன் நடத்தையை மாற்றியது இருக்கட்டும். ஒரு தப்பும் செய்யாத அந்தப் பொண்ணு நடக்கிற தெருவையே மாற்றியதே ஐயா, இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?

(அரங்கம் அமைதி, பின் நீண்ட கைதட்டல்)

இதைச் சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 1998-லே சென்னையிலே கேலி செய்து துரத்திய இளைஞர்களாலே ஒரு கல்லூரி மாணவி உயிரையே இழந்தாள். அந்த வருஷம்தான் தமிழ்நாட்டிலே ஈவ்டீசிங் தடைச் சட்டம் வந்தது. 2013-லே, வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே திரும்பத் திரும்பப் போவது இந்தியா முழுவதும் தனிக் குற்றமாச்சு. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலே அது 78-ஆவது பிரிவு. முதல் தடவைக்கே மூணு வருஷம் வரை சிறை. சட்டம் அதுக்கு வச்ச பேர் குற்றம். எத்தனையோ பாட்டு அதுக்கு வச்ச பேர் காதல்! நம்ம பையன் சட்டப் புத்தகத்தை எத்தனை தடவை படிச்சிருப்பான்? பாட்டை எத்தனை தடவை கேட்டிருப்பான்? கோட்டை நகர்த்துவது எதுன்னு நீங்களே சொல்லுங்க.

"இது உங்க அனுபவம், விஞ்ஞானம் என்ன சொல்லுது?" என்று கேட்பார் நம்ம நடுவர். அமெரிக்காவிலே கிரேக் ஆண்டர்சன் என்கிற உளவியல் பேராசிரியரும் அவர் குழுவினரும் ஐந்து சோதனைகள் நடத்தி, 2003-லே முடிவை வெளியிட்டார்கள். ஐநூறுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்கள். வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவர்களுக்கும், அப்படி இல்லாத பாட்டைக் கேட்டவர்களுக்கும் ஒப்பிட்டுப் பார்த்தால், முன்னவர்கள் மனசிலே பகை உணர்ச்சியும் அடிதடி நினைப்பும் கூடியிருந்தது. கேட்டவன் வெளியே போய் யாரையாவது அடிச்சான்னு அந்த ஆய்வு சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். நினைப்பு நகர்ந்ததுன்னு சொல்லுது. நான் கோடு நகருதுன்னு சொன்னேனே, அதுதான் இது!

நல்ல பக்கமும் இருக்கு. 2009-லே டோபியாஸ் கிரைட்டமேயர் என்கிற ஆய்வாளர், பிறருக்கு உதவச் சொல்லும் பாட்டுகளைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார். சாதாரணப் பாட்டு கேட்டவர்களைவிட அவர்கள் இரக்கம் கூடியவர்களாகவும், உதவி செய்கிறவர்களாகவும் இருந்தார்கள். தர்ம காரியத்துக்குப் பணம்கூடக் கூடுதலாகக் கொடுத்தார்களாம். நம்ம பட்டுக்கோட்டையார் ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுபிடிச்சதை அவர்கள் ஆய்வுக்கூடத்திலே கண்டுபிடிச்சிருக்காங்க! (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சிட்டீங்க. இதோ முடிக்கிறேன் ஐயா. "அப்போ எல்லாப் பாட்டையும் தடை பண்ணச் சொல்றீங்களா?"ன்னு கேட்டால், இல்லவே இல்லை! 1952-லே கேஸ்கர் மத்திய மந்திரியா இருந்தபோது, சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்குதுன்னு அகில இந்திய வானொலியிலே அதை ஓரங்கட்டிப் பார்த்தாங்க. என்ன ஆச்சு? ஜனங்க ரேடியோ முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடிச்சாங்க! (சிரிப்பு) கடைசியிலே 1957 அக்டோபரிலே அரசாங்கமே விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டு போட வேண்டியதாச்சு. தடை போட்டால் காது வேற ஊருக்குப் போயிடும். இப்போ செல்போனிலே உலகமே காதுக்குள்ளே இருக்கு.

தடை வேண்டாம். பாட்டு கேளுங்க, ஆடுங்க, பாடுங்க. நானும் கேட்கிறேன். ஆனால் வீட்டிலே ஒரு சின்னப் பரீட்சை வையுங்க. உங்க மகனோ மகளோ ஒரு பாட்டை முணுமுணுக்கும்போது, கோபப்படாமே பக்கத்திலே உட்கார்ந்து, "ராகத்தை எடுத்துட்டு இதை ஒரு தடவை சொல்லிப் பாரேன்" என்று சொல்லுங்க. அம்மாவைப் பார்த்து, தங்கச்சியைப் பார்த்துச் சொல்ல முடிஞ்சால் அது நல்ல பாட்டு. தாராளமாப் பாடட்டும். சொல்ல முடியலைன்னா, ஏன் முடியலைங்கறதை அந்தப் பிள்ளையே யோசிக்கட்டும். மருந்தைத் தேனிலே குழைச்சும் கொடுக்கலாம், விஷத்தையும் தேனிலே குழைச்சுக் கொடுக்கலாம். நாக்குக்குத் தேன் மட்டும்தான் தெரியும். உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிற வேலை நம்ம வேலை.

பாட்டு எழுதுகிறவர்களையும் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். உங்க பேனாவுக்கு வலிமை இல்லைன்னு எதிரணி சொல்லுது. இருக்குன்னு நாங்க சொல்றோம். உங்களை மதிக்கிறது எந்த அணின்னு யோசிச்சுப் பாருங்க! (பலத்த கைதட்டல்)

உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு ஆளை நடக்க வைத்ததும் பாட்டு. குளத்துத் தெருவிலே ஒரு பொண்ணைச் சுத்தி நடக்க வைத்ததும் பாட்டு. ஆகவே, திரைப்படப் பாடல்கள் கேட்பவர் மனத்தையும் நடத்தையையும் மாற்றவே செய்கின்றன என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.